பெயர்ப் பட்டியல் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது



போன வருடம், தேவார வகுப்பு நேரம் மாறியதைப் பெற்றோருக்கு மின்னஞ்சலில் தெரிவிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். இரண்டு பேர் விடுபட்டுப் போச்சு. அதில் ஒரு அம்மா, மழையில் மகளோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார். தப்பு என்னுடையதுதான்.

அதன் பிறகு கற்றுக்கொண்டது இது. ஜிமெயில் உள்ளவர்கள் கணினியில் கூகல் காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறங்க. இடப்பக்கம் 'லேபல்' இருக்கும். 'பெற்றோர்', 'ஆசிரியர்', 'செயலவை' என்று தனித்தனியாக உருவாக்கி, பெயர்களை அதில் சேருங்க. ஒருவரே இரண்டு லேபலிலும் இருக்கலாம். ஆசிரியருக்கும் பிள்ளை இருக்கும் இல்லையா?

மடல் எழுதும்போது லேபலின் பெயரைத் தட்டினால் போதும், எல்லா முகவரியும் வந்துவிடும். ஆனால் 'டு'வில் உங்கள் முகவரியை மட்டும் போடுங்க. லேபலை 'பிசிசி'யில் போடுங்க. 'டு', 'சிசி' இரண்டிலும் போட்டால் ஒருவர் முகவரி எல்லார் கண்ணிலும் படும். அது நம்மை நம்பிக் கொடுத்த முகவரி. இன்னொன்று, சொந்த ஜிமெயில் கணக்கில் ஒரே மடலை 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது.

புதுப் பிள்ளை சேர்ந்த அன்றே பெற்றோரை லேபலில் சேருங்க. லேபலுக்குப் பக்கத்தில் எத்தனை பேர் என்று எண் காட்டும். அனுப்புமுன் அதை வகுப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு நிமிட வேலைதான். ஆனால் யாரும் பூட்டிய கதவின் முன் நிற்க மாட்டார்கள்.