தஞ்சைப் பளிங்குச் சிற்பம்

பட்டுக்கோட்டையிலிருந்து கடற்கரைக்குச் செல்வோர் மனோராவைக் காண்பர். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றமையின் நினைவாக இரண்டாம் சரபோசி மன்னர் 1814-ஆம் ஆண்டையொட்டி எழுப்பிய கோபுரம் அது. வெற்றிக்குச் சின்னம் நாட்டிய அம்மன்னரே தம் துயரத்துக்கும் ஒன்று நாட்டினார். அது தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்துச் சுவார்ட்சு ஆலயத்தில் உள்ளது.

1787-இல் துளசா மன்னர் இறக்குங்கால், தாம் சுவீகாரங் கொண்ட சிறுவர் சரபோசியைச் சுவார்ட்சு ஐயரிடம் ஒப்புவித்தார். மணம் புரியாத ஐயர் தந்தையாய் நின்று காத்தார். 1798 பிப்ரவரி 13-இல் மறைந்தார். பின்னர் மன்னர், இலண்டன் சிற்பி ஜான் பிளாக்சுமனைக் கொண்டு இப்பளிங்குச் சிற்பத்தை அமைப்பித்தார். மரணப் படுக்கையில் ஐயர். அவர் கையைப் பற்றி நிற்பவர் மன்னர். அருகே பள்ளிச் சிறார். மன்னர் தாமே ஆங்கிலத்தில் இரங்கற் செய்யுளும் இயற்றினார்.

சரபோசி இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். ஆகவே, இச்சிற்பம் காட்டும் உறவு குருதியால் வந்ததன்று, சமயத்தால் வந்ததுமன்று, அன்பால் வந்தது. கிறித்தவராகிய நாம் வழிபடும் ஆலயத்தில், பிற சமயத்தார் ஒருவரின் கண்ணீரே கல்லாய் நிற்கின்றது. அவர் துயர் நாளில் நாம் அங்ஙனம் அருகே நிற்போமா? இவ்வினாவை அச்சிற்பம் நம்மிடம் வினவுகின்றது.