கூதிர்ப்பாசறை: பனிப்போர் வரலாறுகளைப் படிக்கும் முறை

பண்டைத் தமிழ்ப் புலவர் போரினைப் பல துறையாகப் பகுத்தனர். அவற்றுள் கூதிர்ப்பாசறை என்பதும் ஒன்று. கூதிராவது ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களின் குளிர்ப்பருவம். அப்பருவத்தில் வேந்தன் மனை மீளாது படையோடு பாடிவீட்டின்கண் தங்கியிருத்தலைக் கூதிர்ப்பாசறை என்றனர். தொல்காப்பியனார் இதனை வாகைத்திணையின்கண் வைத்தார். வாகையோ வெற்றி கூறுந் திணை. வாள் வீசாத, அம்பு எய்யாத, மாற்றான் முகமுங் காணாத இருப்பொன்றினை வெற்றியின்பாற் படுத்தியது என்னை? இலக்கண வகுப்பில் இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. துறைப்பெயரை நெட்டுருச் செய்துகொண்டு மேற்செல்கின்றோம். பனியிடைப் போர் புரிந்த படைஞர்தம் வரலாறுகளைத் தொடர்ந்து படிக்கும் மாணவனுக்கு இவ்வினா தானே எழும்.

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடைக்குத் திணை வாகை என்றும், துறை கூதிர்ப்பாசறை என்றும் கூறுவது மரபு. 188 அடிகளையுடைய இப்பாட்டு, 1889-ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டமையால் யாவர்க்கும் எளிதாயிற்று. அவர் தொகுத்த ஏடுகள் 1943-இல் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தில் இன்றும் காக்கப்பெறுகின்றன. அந்நிலையம் அடையாற்றையடுத்த பெசன்ட் நகரிலே உள்ளது. மயிலாப்பூரிலிருந்து சிறிது நேரப் பஸ் பயணமே. நம் மாணவருள் அதனுட் புகுந்து பார்த்தவர் எத்துணையர் என்று யாம் கேட்கப் போவதில்லை.

அப்பாட்டின் இறுதியில் புலவர் பாசறையைக் காட்டுகிறார். நள்ளிரவு; வாடை வீசுகின்றது; விளக்குச் சுடர்கள் காற்றுக்குச் சாய்கின்றன; குதிரைகள் தம்மேல் விழும் துளிகளை உதறுகின்றன. அரசன் உறங்கவில்லை. சிலரையே உடன்கொண்டு, நழுவும் மேலாடையை ஒரு கையால் தழுவி, மற்றொரு கையை வாளேந்திய காளையொருவன் தோள்மேல் வைத்து, புண்பட்ட வீரரை முகமலர்ந்து பார்த்து வருகின்றான். போர்க்களத்தைப் பற்றிப் புலவர் ஒன்றும் விரித்துக் கூறவில்லை. குளிர்ந்த இரவில் தலைவன் ஒருவன் தன் வீரரை ஒவ்வொருவராகச் சென்று காணும் செயல் ஒன்றே அவருக்கு வேண்டியதாயிற்று.

இத்தகைய வரலாறுகளைப் படிப்பதில் சென்னைவாசிக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் நகரின் வானிலைப் பதிவுகளிற் காணும் மிகத் தாழ்ந்த வெப்பநிலை 13.9 பாகை செண்டிகிரேட். 1905-ஆம் ஆண்டு ஜனவரியில் அது பதிவாயிற்று. மார்கழி விடியலில் 20 பாகைக்கே மயிலாப்பூர் மாடவீதியிற் கம்பளிக் குல்லாய்கள் தோன்றிவிடும். ஆகவே, சுழிக்குக் கீழே 40 பாகை என்று புத்தகத்திற் படிக்கும்போது அவ்வெண் நமக்கு வெறும் எண்ணாகவே நின்றுவிடுகின்றது. உணர்ச்சியால் எட்ட முடியாததை நாம் வியப்பால் நிரப்பிக்கொள்கின்றோம். வீரர் இரும்பு நெஞ்சினர், குளிர் அவரை ஒன்றுஞ் செய்யாது என்று எண்ணி ஏட்டைப் புரட்டிவிடுகின்றோம். இவ்வாறு படித்தலால் வீரர்க்கும் பெருமையில்லை, படித்தவனுக்கும் பயனில்லை.

குளிர் உடலிற் செய்வது யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கடுங்குளிர் தாக்குங்கால் உடல் தன் நெஞ்சையும் மூளையையும் காப்பதற்காகக் கைகால்களின் நுனிகளுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடும். விரல் முதலில் நோகும், பின்னர் மரத்துப்போம். நோவு நின்றபொழுதுதான் இடர் தொடங்குகின்றது. அதனைப் பனிக்கடி என்பர். நோவின்மையால் தன் மூக்கு வெளுத்து உறைவதைத் தானே அறியான். எதிரில் நிற்கும் தோழன்தான் கண்டு சொல்லுதல் வேண்டும். இதனாலேயே பனிநாட்டுப் படைகளில் இருவர் இருவராகப் பிணைத்து, ஒருவர் முகத்தையும் அடிகளையும் மற்றவர் நோக்குமாறு விதித்துள்ளனர். வியர்வையும் ஆங்குப் பகையே. விரைந்து உழைப்பவன் உடை நனையும். ஓய்ந்தவுடன் அந்நனைவே உறையும். ஆதலின் மெல்ல நடத்தலும், நனைந்த காலுறையை மாற்றுதலும் ஆங்குப் போர்ப்பயிற்சியின் பகுதிகள். மதுரைக்காரன் குருதியும் மலைநாட்டான் குருதியும் இதில் வேறல்ல. பழக்கமும் விழிப்புமே வேறு.

இவ்வறிவு புதியதன்று. கி. மு. 401-இல் பாரசீகத்திற் சிக்கிய கிரேக்கக் கூலிப்படை ஆர்மீனியப் பனிவெளி வழியே ஊர் திரும்பிய கதையை, அப்படைத்தலைவருள் ஒருவராகிய செனபோன் எழுதி வைத்தார். இரவில் செருப்பைக் கழற்றாது உறங்கியோர் கால்களில் வார்கள் பதிந்து உறைந்தன என்றும், கண்ணெதிரே கருநிறப் பொருளொன்றைப் பிடித்து நடந்தோர்க்குப் பனியொளியால் விழி கெடவில்லை என்றும் அவர் குறித்துள்ளார். வழியில் மயங்கி வீழ்ந்தோரைக் கண்டு இஃது என்ன நோயென்று அவர்க்கு விளங்கவில்லை. பசியால் வந்த சோர்வு என்று பட்டறிந்தவன் ஒருவன் உரைத்தான். உடனே பொதிவிலங்குகளிடம் சென்று உணவு தேடி எடுத்துப் பகிர்ந்தளித்தார். உண்டவர் எழுந்து நடந்தனர். நெடுநல்வாடை வேந்தனுக்கும் இவருக்கும் இடையே கடலும் மொழியும் பல நூற்றாண்டும் கிடக்கின்றன. எனினும் இருவர் செயலும் ஒன்றே.

அடுத்து, குளிரின்மேற் பழிசுமத்தும் வரலாறுகளைச் சற்றே ஐயத்தோடு படித்தல் வேண்டும். 1812-இல் நெப்போலியன் படையை உருசியப் பனி விழுங்கிற்று என்பது யாவரும் சொல்லும் செய்தி. பிரெஞ்சுப் பொறிஞர் சார்லசு மினார் 1869-இல் அப்படையெடுப்பை ஒரு படமாக வரைந்தார். வீரர் தொகை குறையக் குறையக் கோட்டின் அகலம் குறையுமாறு அமைத்து, மீட்சிப் பயணத்தின் குளிரளவையும் கீழே குறித்தார். எல்லை கடந்தோர் 4,22,000 பேர். மாஸ்கோவை அடைந்தோர் 1,00,000 பேர். மீண்டு வந்தோர் 10,000 பேர். இவ்வெண்களை நிதானமாய் நோக்குமின். மாஸ்கோவை அடைந்தது செப்டம்பர்த் திங்களில். பனி அப்பொழுது தொடங்கவே இல்லை. வழியிற் காவலுக்கு நிறுத்தப்பட்டோரைக் கழித்துப் பார்ப்பினும், படையின் பெரும்பகுதி கோடையிலேயே பசியாலும் நோயாலும் தேய்ந்துவிட்டது. எஞ்சி நலிந்தோரையே குளிர் வந்து முடித்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. ஜம்மு அரசின் தளபதி சோராவர் சிங் 1841-இல் மேற்குத் திபேத்தினுட் புகுந்தார். கோடையில் எளிதாய் முன்னேறிய படை, மார்கழிக் குளிரில் மானசரோவர்ப் பகுதியின் உயர்ந்த வெளியில் வழியடைபட்டு நின்றது. விறகு இல்லை. கை வெதுப்பும் பொருட்டுச் சிலர் தம் துப்பாக்கிகளின் மரப்பிடியையே எரித்தனர். டிசம்பர் 12-ஆம் நாள் சோராவர் சிங் களத்தில் வீழ்ந்தார். அப்படைஞர் கோழைகள் அல்லர். திரும்பும் வழியையும் விறகையும் எண்ணாது நெடுந்தூரம் அழைத்துச் செல்லப்பட்டவர்.

1962 நவம்பர் 18-இல் லடாக்கின் ரெசாங் லா என்னுமிடத்தில், 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், குமாவுன் படைப்பிரிவின் பதின்மூன்றாம் பட்டாளத்தைச் சேர்ந்த சுமார் 120 பேர் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையிற் சீனப்படையை எதிர்த்தனர். அவருட் பெரும்பாலோர் பனியறியாத சமவெளி உழவர்குடியினர். 110-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தேடிச் சென்றோர், பலர் துப்பாக்கி பிடித்தபடியே உறைந்து கிடக்கக் கண்டனர். அக்காட்சியைப் படித்து நெகிழாதார் இலர். ஆயினும், அவ்வாண்டுப் போரில் நம் படைஞர் பலர்க்குப் போதிய குளிருடையும் இல்லை என்பதைச் சேர்த்துப் படியாத நெகிழ்ச்சி அரைப் படிப்பேயாகும். கொடுத்திருக்க வேண்டியதைக் கொடாதவிடத்து வீரனின் பொறுமையைப் புகழ்வது, கொடாதவர்க்கு வசதியானதொரு புகழுரை.

ஏற்பாடு முந்திச் சென்றவிடத்து நிகழ்ந்ததற்கு 1948-ஆம் ஆண்டுச் சோசி லாப் போர் எடுத்துக்காட்டு. காஷ்மீரத்திலிருந்து லடாக்கிற்குச் செல்லும் இக்கணவாய் 11,500 அடிக்கு மேற்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில், நடுக்குளிரிலே, லாஹூல் மலைநாட்டவராகிய பிருதிசந்த் என்னும் அதிகாரி சுமார் 40 தொண்டரோடு அதனைக் கடந்து மார்ச்சு 8-இல் லே நகரை அடைந்தார். பனியிற் பிறந்து வளர்ந்தோர்க்கே அது கூடிற்று. பின்னர்க் கணவாய் மாற்றார் கைப்பட்டது. செப்டம்பரில் காலாட்படை இருமுறை மோதியும் திறக்கவில்லை. ஈண்டுத்தான் நம் நாட்டார் வருகின்றனர். மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை, பால்தாலிலிருந்து மேலேறும் கோவேறு கழுதைத் தடத்தை, எதிரியின் குண்டுகளுக்கிடையே, வண்டி செல்லும் பாதையாக அகலமாக்கியது. மேற்கூடுகள் கழற்றப்பெற்று மறைவாகக் கொணரப்பட்ட ஸ்டூவர்ட் டாங்கிகள் நவம்பர் முதல் நாள் அப்பாதையில் ஏறின. அத்துணை உயரத்தில் டாங்கிகள் போருக்குச் சென்றது அதுவரை உலகில் எங்கும் நிகழாதது. கணவாய் அன்றே திறந்தது; அத்திங்கள் முடிவதற்குள் திராசும் கார்கிலும் மீட்கப்பட்டன. டாங்கி ஏறியதையே புத்தகங்கள் விரித்துரைக்கின்றன. கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்து விறைத்த கைகளைப் பற்றி ஓரிரு வரிகளே காணப்படும். மாணவர் அவ்வரிகளில் நிற்றல் வேண்டும்.

சோசி லாவினும் கொடிய இடத்தில் இன்றும் நம்மவர் நிற்கின்றனர். காரகோர மலையிலுள்ள சியாச்சின் பனியாற்றில் 1984 ஏப்ரல் 13 முதல் இந்தியப் படை காவல் புரிகின்றது. மேலுள்ள காவல்நிலைகள் சில 20,000 அடியை எட்டுவன. ஆங்கு ஒரு மூச்சிற் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையிற் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. நீர் 80 பாகைக்கே கொதித்துவிடுமாதலின், அழுத்தக் குக்கர் இன்றிச் சோறு வேகாது. பசி எடாது, உறக்கம் வாராது, வெறுங்கையால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பனிப்பிளவுகளில் வீழாதிருக்க ஒருவரையொருவர் கயிற்றாற் பிணைத்து நடப்பர். மேலேறுமுன், 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் மேலும் நான்கு நாள் என்று தங்கி உடலைப் பழக்குதல் விதி. சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் வெயிலில் ஓடிப் பழகிய இளைஞரும் ஆங்குச் செல்ல நேரின் இவ்விதிக்கு அடங்கியே ஏறுவர். துணிவுடையோன் என்பதற்காக நுரையீரல் ஒரு நாளேனும் சலுகை தாராது.

2003 நவம்பரில் அவ்வெல்லையிற் போர்நிறுத்தம் ஏற்பட்டது. அதற்கு முன்னரும் ஆங்கு இறந்தோருட் குண்டுபட்டாரினும் குளிராலும் பனிச்சரிவாலும் மாண்டவரே மிகுதி. வாகைத்திணை பற்றிய வினாவுக்கு இவ்விடத்திலே ஒருவாறு விடை கிடைக்கின்றது. இங்கே வெல்லப்படுவது பகைவன் அல்லன், கடந்துபோன இரவுதான். காலையிற் காலுறை மாற்றி, தோழன் முகத்தை நோக்கி, கூரைமேற் பனியைத் தள்ளி, அடுப்பை மூட்டியவன் அன்றைய வெற்றியைப் பெற்றவனாவான். மறுநாள் அது மீண்டும் தொடங்கும். பழைய உரைகாரர் இதனை இவ்வாறே கருதினர் என்று யாம் சாதிக்கவில்லை. ஆனால் இலக்கணத்தின் அவ்வைப்புமுறைக்கு இதனினும் பொருந்திய உரை எமக்குத் தோன்றவில்லை.

2016 பிப்ரவரி 3-ஆம் நாள், சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்நிலைமேற் பெரும் பனிச்சுவர் சரிந்தது. ஆங்கிருந்தோர் மதராஸ் படைப்பிரிவின் பத்தொன்பதாம் பட்டாளத்தினரும் மருத்துவ உதவியாளர் ஒருவருமாகப் பதின்மர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களினின்று சென்றவர். ஏனையோர் கருநாடகம், கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய நாடுகளினர். உயிர் பிழைத்தார் எவரும் இரார் என்றே யாவரும் கருதினர். ஆயினும் தேடுதல் நிற்கவில்லை. மோப்ப நாய்களோடு மீட்புக் குழுவினர் கல்லைப் போல் இறுகிய பனியை அறுத்தும் துளைத்தும் இரவு பகலாகத் தோண்டினர். தோண்டினோரும் அதே உயரத்தில், அதே மெல்லிய காற்றைச் சுவாசித்து, அதே குளிரில் நின்றோரே. ஆறாம் நாளாகிய பிப்ரவரி 8-இல், 25 அடிக்கு மேற்பட்ட ஆழத்தில், கருநாடகத்துத் தார்வாட மாவட்டத்தினராகிய லான்ஸ் நாயக் அனுமந்தப்பா உயிரோடு காணப்பட்டார். டில்லி இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் 11-ஆம் நாள் முற்பகலில் உயிர் நீத்தார். மற்றை ஒன்பதின்மர் உடல்களும் எடுக்கப்பட்டன. அவற்றைக் கீழே இறக்குவதற்கும் வானிலை சில நாள் இடங்கொடுக்கவில்லை. அது தெளிந்த பின்னரே அந்நால்வரும் மாசி வெயில் காயும் தத்தம் ஊர்களுக்கு வந்துசேர்ந்தனர்.