மாறினாலும் அதே மகிழுந்தா?

1990ஆம் ஆண்டு இலண்டன் உயர் நீதிமன்றத்தில் விசித்திரமான ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. அது திருட்டு வழக்கும் அன்று. விபத்து வழக்கும் அன்று. "இந்த மகிழுந்து, தனக்குச் சூட்டப்பட்டுள்ள பெயருக்கு உரிய அதே மகிழுந்துதானா?" என்பதே நீதிபதியின் முன் வைக்கப்பட்ட கேள்வி. அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே 10 மில்லியன் பவுண்டு கைமாற வேண்டியிருந்தது.

வெற்றியும் விபத்தும்

வழக்கிற்குக் காரணமான வாகனம், பென்ட்லி நிறுவனம் தயாரித்த 'ஸ்பீட் சிக்ஸ்' வகைப் பந்தய மகிழுந்து. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று அதை அழைத்தார்கள். பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 24 மணி நேரம் இடைவிடாமல் நடைபெறும் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. 1929ஆம் ஆண்டில் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பெர்க்கினும் இந்த மகிழுந்தை மாறி மாறி ஓட்டி அப்பந்தயத்தில் வாகை சூடினர். மறு ஆண்டு பர்னாட்டோ, கிளென் கிட்ஸ்டனுடன் சேர்ந்து அதே மகிழுந்தில் மீண்டும் வென்றார்.

பந்தய மகிழுந்துக்கு ஓய்வு ஏது? ஒவ்வொரு பந்தயத்திற்குப் பிறகும் தேய்ந்த பாகங்கள் கழற்றப்பட்டன, புதியவை பொருத்தப்பட்டன. 1932இல் இன்னும் பெரிய 8 லிட்டர் இயந்திரத்துடன் அது இங்கிலாந்தின் புருக்லண்ட்ஸ் தடத்தில் 500 மைல் பந்தயத்தில் கலந்துகொண்டது. அத்தடத்தின் வளைவுகள் கிண்ணத்தின் உட்புறத்தைப் போல் சரிவாக உயர்ந்திருக்கும். வேகமாகச் சென்ற மகிழுந்து அச்சரிவின் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தது. அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார்.

நொறுங்கிய மகிழுந்து பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. மூடிய வெளிக்கூடு பொருத்தப்பட்டு, சாலையில் ஓடும் வாகனமாக மறுபிறவி எடுத்தது.

நீதிமன்றம் கண்ட விடை

பல ஆண்டுகளுக்குப் பின், அதன் உரிமையாளர் அதை 10 மில்லியன் பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். ஆனால், வாங்க ஒப்புக்கொண்ட தரப்பு பின்வாங்கியது. "லெ மானில் வென்ற மகிழுந்தின் பாகங்களில் மிகச் சிலவே இதில் எஞ்சியுள்ளன. ஆகவே, இது அந்த மகிழுந்து அன்று" என்பது அத்தரப்பின் வாதம். விவகாரம் நீதிமன்றப் படியேறியது.

நீதிபதி ஆட்டன் சொற்களின் பொருளை நுணுகி ஆராய்ந்தார். 1929இல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையில் இருந்தால்தான் ஒன்றை 'மூல நிலையில் உள்ளது' எனலாம். அந்தப் பொருளில் இது மூல நிலையில் இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அதே வேளையில், இது எங்கோ கிடைத்த பாகங்களைக் கொண்டு புதிதாக உருவாக்கப்பட்ட போலியும் அன்று. இந்த மகிழுந்து ஒருபோதும் இல்லாமல் போய்விடவில்லை. படிப்படியாக மாறிக்கொண்டே தொடர்ந்து வாழ்ந்து வந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிமை கோர உலகில் வேறொரு மகிழுந்தும் இல்லை. எனவே, 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று அழைக்கப்பட இதுவே உண்மையான உரிமை உடையது என்று அவர் தீர்ப்பளித்தார். விற்றவர் வழக்கில் வென்றார்.

எண்கள் சொல்லும் சாட்சி

இந்த வழக்கு ஒரு பெரிய கேள்வியின் ஒரு பகுதி மட்டுமே. பழைமைச் சிறப்புமிக்க மகிழுந்துகளைச் சேகரிப்போர், விலை பேசுமுன் முதலில் தேடுவது எண்களைத்தான். அடிச்சட்டத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தில் மற்றோர் எண் இருக்கும். அவை இரண்டும் தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ளவற்றோடு ஒத்துப்போனால், மகிழுந்து பிறந்தபோது இருந்த இயந்திரமே இன்றும் அதில் உள்ளது என்பது உறுதியாகும். அதன் மதிப்பும் உயரும்.

ஒரே வகையைச் சேர்ந்த இரு மகிழுந்துகள் ஒரே வேகத்தில் ஓடலாம். பார்வைக்கும் ஒன்றுபோல் இருக்கலாம். ஆனாலும், இயந்திரம் மாற்றப்பட்டதற்குக் குறைந்த விலையே கிடைக்கும். புதிய இயந்திரத்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். இழந்த மூல இயந்திரத்தை எங்கே வாங்குவது? மங்கிப்போன பழைய சாயத்தைக்கூடச் சிலர் அப்படியே விட்டுவைப்பதற்கும் இதுவே காரணம். ஒரு முறை சுரண்டி எடுத்துவிட்டால், தொழிற்சாலையில் பூசப்பட்ட அந்தச் சாயம் திரும்பி வராது.

எல்லா மாற்றமும் குறையா?

அப்படியானால், மாற்றம் எதுவுமே கூடாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மாற்றங்களுள் மீட்கக்கூடியவையும் உண்டு. மீட்க முடியாதவையும் உண்டு.

1961இல் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்ககால வண்டிகளில் நான்கு வேகக் கியர் பெட்டி இருந்தது. முதல் கியரை மாற்றுவது ஓட்டுநர்க்குத் தொல்லையாக இருந்ததால், பிற்காலத்தில் பலர் ஐந்து வேகக் கியர் பெட்டியைப் பொருத்திக்கொண்டனர். பழைய பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பவர், விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்கலாம். வாங்குபவர் விரும்பினால் மீண்டும் பொருத்திக்கொள்வார். ஆனால், கூரையை வெட்டுவதும் அடிச்சட்டத்தை அறுப்பதும் அப்படியல்ல. அவை திரும்ப வழியில்லாத மாற்றங்கள்.

மாற்றம் எப்போது செய்யப்பட்டது, யாரால் செய்யப்பட்டது என்பவையும் முக்கியம். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் மாண்டரே நகரில் ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று ஏலத்திற்கு வந்தது. 1962இல் பிறந்த அந்த மகிழுந்துக்கு 1964இல் புதிய வெளிக்கூடு பொருத்தப்பட்டிருந்தது. ஃபெராரிக்கு வெளிக்கூடுகளைச் செய்துவந்த ஸ்காலியெட்டி பட்டறையே, அது பந்தயங்களில் ஓடிய காலத்தில் அந்த மாற்றத்தைச் செய்தது. ஆகவே, அம்மாற்றம் அதன் வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே கருதப்பட்டது. அது 48 மில்லியன் டாலருக்கும் அதிகமான விலைக்குப் போனது.

இன்னொரு வழியும் உண்டு. கலிபோர்னியாவில் உள்ள சிங்கர் நிறுவனம், பழைய போர்ஷ 911 மகிழுந்துகளைப் பிரித்து, புதிய வெளிக்கூடும் மெருகேற்றிய இயந்திரமும் பொருத்தித் தருகிறது. அவை மூல மகிழுந்தைவிடப் பன்மடங்கு விலை போகின்றன. அங்கே வாங்குபவர் வரலாற்றுக்கு விலை கொடுக்கவில்லை. கைவினைத் திறனுக்குக் கொடுக்கிறார். மாற்றியதை மாற்றியது என்று வெளிப்படையாகச் சொல்வதால் அங்கே ஏமாற்று இல்லை.

மறைக்கப்பட்ட மாற்றமே மதிப்பைச் சிதைக்கிறது. எண்ணை அழித்து வேறோர் எண்ணைப் பொறிப்பதும், புதிய பாகத்தைப் பழையது என்று சொல்வதும் வாங்குபவரின் நம்பிக்கையைக் குலைக்கும் செயல்கள். பழைமை வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும், செய்யும் வேலைகளை ஆவணப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

'ஓல்ட் நம்பர் ஒன்' தன் பாகங்களைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஆனால், எந்தப் பாகம் எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்ற கதை அறுபடாமல் நீண்டு வந்தது. நீதிமன்றத்தில் அதைக் காப்பாற்றியது இரும்பு அன்று, அந்தத் தொடர்ச்சியே.

சிந்தித்துக் கூறுக

1. 'மூல நிலையில் உள்ளது', 'உண்மையானது' ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நீதிபதியின் தீர்ப்பைக் கொண்டு விளக்குக.
2. மீட்கக்கூடிய மாற்றம் ஒன்றையும் மீட்க முடியாத மாற்றம் ஒன்றையும் பனுவலிலிருந்து எடுத்துக்காட்டுக.
3. உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஒரு பொருள் பழுதாகிவிட்டது. அதைப் புதுப்பிப்பீர்களா, அப்படியே பாதுகாப்பீர்களா? காரணங்களுடன் கலந்துரையாடுக.