பதிவேடு சொன்ன மறதிக் கதை

"மாமியாருக்கு மறதி எப்போம்மா ஆரம்பிச்சது?" என்று கேட்டால், "தெரியலையே டாக்டர், வயசாச்சுல்ல..." என்பதுதான் பெரும்பாலும் பதில். குறித்து வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கி உங்களுக்குத் தெரியும். குயவர் வீட்டில் காவி எழுதிக்கொள்வோமே, அதேதான். அங்கே அதற்குத் தடுப்பூசித் திட்டம் 2013 செப்டம்பர் 1-ல் தொடங்கியது. 1933 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவர்களுக்கு ஊசி கிடையாது. அன்றோ பிறகோ பிறந்தவர்களுக்கு உண்டு. ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்தவர்களுக்குள் சாப்பாட்டிலோ உழைப்பிலோ பெரிய வித்தியாசம் இருக்குமா? இராது. ஊசி வாய்ப்பு ஒன்றுதான் வித்தியாசம்!

டாக்டர்கள் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த 2,80,000-க்கும் மேற்பட்ட முதியோரின் விவரங்களை, பெயர்களை நீக்கிவிட்டுப் புரட்டினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 7 ஆண்டுகளில் 'டிமென்ஷியா' என்ற மறதி நோய் சுமார் 20 சதவீதம் குறைவு. பெண்களுக்குப் பலன் அதிகம். 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

சித்த வைத்தியர் ஊசிக்கு விளம்பரம் செய்கிறாரே என்று நினைக்காதீர்கள். அந்தப் பழைய ஊசிக்குப் பதில் அங்கே இப்போது வேறு ஊசி வந்துவிட்டது. மறதிக்காக ஊசி போடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பதிவேட்டிலும் ஓட்டை உண்டு: டாக்டரிடம் அழைத்து வரப்படாத பாட்டியின் மறதி அதில் ஏறவே ஏறாது.

அடுப்பை அணைக்க மறந்தது, தெரிந்த தெருவில் வழி தவறியது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது... தேதி போட்டு ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டு வாருங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் சேர்த்துத்தான்.