நம்பருக்கு முன்னால் படம்

கல்லீரல் கெட்டு வயிறு வீங்கிப்போனவர். மயிலம் பக்கத்துக் கிராமம். "காலையில இருந்து ஒண்ணுக்கே வர்ல டாக்டரே" என்றார். ராத்திரி டியூட்டி. அடிவயிற்றில் ஜெல்லி தடவி ஸ்கேன் புரோபை வைத்தேன். குளம்போல் கறுப்பாகத் தெரிந்தது. அளந்தால் 450 மில்லி. மூத்திர டியூப் போட்டோம், வந்தது 60 மில்லிதான். மூத்திரப்பை என்று நினைத்து வயிற்றில் கோத்திருந்த நீரை அளந்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பட்ட வலிக்கு நான்தான் காரணம். இத்தனை வருஷம் கழித்தும் அந்த முகம் மறக்கவில்லை.

அன்றிலிருந்து படத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். மூத்திரப்பைக்குச் சுவர் உண்டு, விளிம்பு உருண்டு திரண்டிருக்கும். வயிற்று நீர் குடலின் சந்துபொந்துகளில் கூராக நுழையும், அதில் குடல் மிதந்து அசையும். பெண்களுக்குச் சினைப்பைக் கட்டியும் இதேபோல் ஏமாற்றும். குறுக்கும் நெடுக்கும் இரண்டு பக்கமும் பார்க்காமல் அளவெடுக்கக் கூடாது.

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்குவது வழக்கமான கணக்கு. 9, 8, 7 செ.மீ. என்றால் 262 மில்லி. ஆழத்தில் ஒரு செ.மீ. கூடக் குறித்துவிட்டால் 300. சிலர் 0.7 போடுவார்கள், அதே 9, 8, 7 அப்போது 353 ஆகிவிடும். மூத்திரப்பை முட்டை வடிவத்திலேயே இருக்க வேண்டுமென்று கட்டாயமா என்ன? அதனால் 280-ஆ 310-ஆ என்று நான் மல்லுக்கட்டுவதில்லை. காலியா, நிறைந்திருக்கிறதா என்பதை ஸ்கேன் நம்பகமாகச் சொல்லும். விழுப்புரத்தில் ஆபரேஷனுக்கு டியூப் போடவேண்டி வரும்போதெல்லாம் முதலில் ஸ்கேனில் அளந்து, பிறகு வந்த மூத்திரத்தையும் ஜாடியில் அளந்து பக்கத்தில் எழுதி வைத்தேன். என் கை எங்கே தவறுகிறது என்பதை அந்த நோட்டுதான் காட்டியது.

மூத்திரம் போன பிறகு பையில் தங்கும் மீதியைப் பார்ப்பதென்றால் போய்வந்த பத்து நிமிஷத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மூத்திரம் பெருக்கும் லாசிக்ஸ் மருந்து போட்டவரை வரிசையில் உட்கார வைத்தால் பை மறுபடி நிறைந்துவிடும்.

மே மாதத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிவிட்டு வந்த ஓர் அம்மாவுக்கு எட்டு மணி நேரமாக மூத்திரமே இல்லை. அடைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஸ்கேனில் பை சுருங்கிக் கிடந்தது. அவருக்கு வேண்டியது டியூப் அல்ல, தண்ணீர்.

திண்டிவனத்தில் ஒரு பாட்டிக்கு இதற்கு நேர்மாறு. ஆபரேஷன் முடிந்து டியூப் இருந்தும் அதன் முனையில் தொங்கும் பையில் மூணு மணி நேரமாகச் சொட்டு இல்லை. கிட்னி போச்சோ என்று மகன் கலங்கி நின்றார். புரோபை வைத்தேன். நிறைந்த மூத்திரப்பை, அதற்குள் டியூப்பின் பலூன் மோதிரம்போல் வட்டமாகத் தெரிந்தது. "டியூப்தான் அடைச்சிருக்கு, கிட்னிக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றேன். சிஸ்டர் சிரிஞ்சில் சலைன் ஏற்றி இழுத்தார். ரத்தக்கட்டி ஒன்று வெளியே வந்தது, பின்னாலேயே மூத்திரமும். பாட்டி அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.