அரங்கேற்றமும் முன்னோட்டமும்

இன்று மாணவர் பலர் வீடியோ விளையாட்டுகளில் பெரிதும் ஈடுபடுகின்றனர். புதிய விளையாட்டொன்றின் சிறு பகுதியை விலையின்றி ஆடிப்பார்க்கத் தருதல் உண்டு. அதனை 'டெமோ' என்பர். 1993இல் வெளியான 'டூம்' தன் முதற் பாகத்தை இலவசமாகப் பரப்பியே பெரும்புகழ் எய்தியது. அங்ஙனமாயின், நிறுவனங்கள் பல டெமோவைத் தாமதிப்பதும் தவிர்ப்பதும் எற்றுக்கு? இவ்வினாவை நம் கூத்து மரபோடு ஒப்பிட்டு ஆராய்வோம்.

வாவியின் எழுவான்கரையிலுள்ள தேற்றாத்தீவார்க்கும் எதிரேயுள்ள படுவான்கரையார்க்கும் கூத்துப் பழகும் முறை புதிதன்று. அண்ணாவியார் ஆட்டக்காரருக்குரிய பாட்டுகளை வழங்குவது சட்டங்கொடுத்தல். ஆட்டம் கைவந்தபின் சதங்கை அணிதல் நிகழும். அடுத்து வருவது கிழமைக்கூத்து. பின்னர் அடுக்குப் பார்த்தல், இறுதியிலேயே அரங்கேற்றம். கிழமைக்கூத்தில் ஒருவன் தாளம் பிசகினால், கூத்தறிந்த ஊரார் அவன் இன்னும் பழகவேண்டும் என்பரேயன்றிக் கூத்தே பழுதென்னார். அது பயிற்சியென்பது அவர்க்குத் தெரியும்.

விளையாட்டு நிறுவனத்திற்கு இத்தகைய அவை வாய்ப்பதரிது. அரைகுறைப் பகுதியை ஆடியவர் அதனையே முடிந்த முடிபாகக் கொண்டு இகழ்வர். சிலர் டெமோவோடு ஆவல் தணிந்து, முழு விளையாட்டை வாங்காதொழிவர். மேலும், டெமோ என்பது வெட்டியெடுத்த துண்டன்று. அதற்கெனத் தொடக்கமும் முடிவும் அமைத்துப் பிழை களைதல் வேண்டும். அவ்வேலைக்குச் சென்ற கைகள் மூலவேலைக்குக் குறையும். ஆதலின், காலந்தாழ்த்தல் பெரும்பாலும் குற்றமாகாது.

எனினும், மறைத்தலிற் குற்றமும் உண்டு. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' என்பதனை 2020 டிசம்பரில் வெளியிட்டது. வெளியீட்டின் முன் விமர்சகர் பெற்றது கணினிப் பதிப்பு மாத்திரமே. பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய பழைய கருவிகளில் அது பிழை மலிந்திருந்ததைப் பணங்கொடுத்தோர் வாங்கிய பின்னரே கண்டனர். அம்மாதமே சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையினின்றும் நீக்கிப் பணத்தை மீளளிக்க முன்வந்தது. பழைய கருவிகளில் அது இயங்குமாற்றை முன்னரே காட்டாமைக்கு ஆக்கியோர் வெளிப்படையாக வருந்தினர்.

இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? முற்றுப்பெறாததைப் பொதுமக்கட்குக் காட்டாதிருத்தல் தகும். ஆனால், குறையைச் சொல்லவல்லார்க்கு அதனைக் காட்டியே ஆகவேண்டும். விலைகொடுப்பவனிடம் அறிந்த பழுதை மறைத்தல் எவ்வாற்றானும் தகாது. மாணவர்காள்! கட்டுரையாயினும் கணினி நிரலாயினும், நும் முதல் வரைவை ஆசிரியரிடமும் நண்பரிடமும் நாணாது காட்டுங்கள். அதுவே நும் கிழமைக்கூத்து. அதிற் பிழை திருந்தியோர்க்கு அரங்கேற்றத்தில் அச்சமில்லை.