கனிச்சுவைச் சாக்லேட் உருண்டைகள்

சாக்லேட் என்றதும் கடையின் கண்ணாடிப் பேழையும் பளபளக்கும் தாளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது எங்கோ ஒரு குளிர் நாட்டில் விளைந்து கப்பலேறி வரும் பொருள் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். குளிர் நாட்டில் கொக்கோ மரம் வளரவே வளராது. அது நம்மைப் போல வெயிலிலும் மழையிலும் வாழும் மரம். ஐயமிருப்பின் உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டுப் பாருங்கள். கோலசிலாங்கூர் கடலோரம் தொடங்கிச் சபாக் பெர்ணம் வழியாகப் பேராக்கின் பாகான் டத்தோ வரை நீளும் களிமண் நிலங்களில், தென்னை மரங்களின் அடியில் கொக்கோ நின்ற காலம் ஒன்று இருந்தது. தென்னை நிழல் தர, அந்நிழலில் கொக்கோ காய்த்தது. ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சல் கிடைத்ததால் இம்முறை பெரிதும் விரும்பப்பட்டது.

கொக்கோவும் ஒரு கனியே என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். அதன் பூவும் காயும் பலாவைப் போல அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் தோன்றும். பூ கனியாவதற்கு ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு திங்கள் ஆகும். கனியை உடைத்தால் முப்பது, நாற்பது விதைகள் வெண்ணிறச் சதை போர்த்து வரிசையாக இருக்கும். அச்சதை இனிப்பும் புளிப்புமாக மங்குஸ்தீனை ஒத்திருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் அதைச் சப்பிவிட்டு விதையை எறிந்துவிடுவர். எறியப்பட்ட அவ்விதையே சாக்லேட்டின் மூலப்பொருள்! விதைகளைச் சதையுடன் மரப்பெட்டியில் ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, பின் நன்கு உலர்த்துவர். புளித்த விதையை வறுத்தால்தான் நாம் அறிந்த சாக்லேட் மணம் பிறக்கும். புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் அம்மணம் வாராது. நம் நாட்டு விதையில் புளிப்புச் சற்று மிகுதி என்று அயல்நாட்டு வணிகர் குறை கூறியதும் உண்டு.

மலேசியாவின் கொக்கோ விளைச்சல் 1990இல் 247,000 டன்னைத் தொட்டு உச்சமடைந்தது. அதன் பின் இறங்குமுகமே. கனியைத் துளைத்து விதைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போகச் செய்யும் ஒரு சிறு புழு, 1980இல் சபாவின் தாவாவில் காணப்பட்டு, 1986இல் தீபகற்பத்திற்கும் வந்து சேர்ந்தது. அதே காலத்தில் உலகச் சந்தையில் விலையும் வீழ்ந்தது. செம்பனை அதைவிட ஊதியம் தந்தது. எனவே கொக்கோ வெட்டப்பட்டது. அண்மை ஆண்டுகளில் நாட்டின் மொத்த விளைச்சல் ஆயிரம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. ஆயினும் வெளிநாட்டு விதையை வாங்கி அரைத்து ஏற்றுமதி செய்யும் பெரிய ஆலைகள் இன்றும் இங்கு இயங்குகின்றன. பல்லாண்டுகள் கொக்கோக் கனியை அறுத்து, உடைத்து, உலர்த்திய கைகளுள், அதிலிருந்து செய்த நல்ல சாக்லேட் ஒன்றைத் தொட்டவை எத்தனை இருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நம் தொழிலாளர்க்கும் சாக்லேட்டுக்கும் உள்ள உறவு அத்துடன் அறுந்ததா என்றால், இல்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் சமையல் சாக்லேட் கட்டியின் உறையைப் படித்துப் பாருங்கள். 'மெந்தேகா கொக்கோ', அதாவது கொக்கோ வெண்ணெய், என்று அதில் இராது. 'இசிரோங் சாவிட்' என்றிருக்கலாம். அது செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுத்த எண்ணெய். பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் வெட்டப்படும் செம்பனைக் குலைகளின் பருப்பும் இவ்வாறு சாக்லேட்டுக்குள் போய்ச் சேரக்கூடும். இது வெயிலில் எளிதில் உருகாது, விலையும் குறைவு. 2024 திசம்பரில் கொக்கோ விதை டன் ஒன்றுக்கு 12,000 அமெரிக்க டாலருக்கு மேல் விற்றபோது இத்தகைய கட்டிகளுக்குத் தேவை கூடியதில் வியப்பில்லை. ஆனால் நாம் இங்கே செய்யப்போகும் பண்டத்திற்குக் கொக்கோ வெண்ணெய் உள்ள கறுப்புச் சாக்லேட்டே ஏற்றது. சிறிதளவே வாங்கினாலும் அதையே வாங்குக.

அப்பண்டத்தின் பெயர் டிரஃபிள். மண்ணுக்குள் விளையும் ஒருவகைக் காளானுக்குப் பிரான்சில் அப்பெயர் வழங்குகிறது. கொக்கோத் தூளில் புரட்டிய உருண்டை, மண் ஒட்டிய அக்காளானைப் போலத் தோன்றியதால் பெயரும் ஒட்டிக்கொண்டது. 1895இல் சாம்பேரி என்னும் நகரில் இது முதன்முதல் செய்யப்பட்டது என்பர். சூடான பாலாடையைச் சாக்லேட்டில் ஊற்றிக் குழைத்து ஆறவைப்பதே இதன் அடிப்படை. பாலாடைக்குப் பதில் நாம் தேங்காயின் முதற்பாலை எடுத்துக்கொள்வோம். தென்னையும் கொக்கோவும் பழைய அண்டை வீட்டார் அல்லவா?

இனிப் பாடத்திற்கு வருவோம். உருக்கிய சாக்லேட்டில் பழச்சாறு ஒரு கரண்டி விட்டால் என்ன ஆகும்? பழச்சுவை வரும் என்று நினைப்போம். ஆனால் சாக்லேட் நொடியில் இறுகி மணல்போல் திரண்டுவிடும். இதற்குக் காரணம் எளிது. சாக்லேட் என்பது சீனியும் கொக்கோவும் மிக நுண்ணிய பொடியாகக் கொழுப்பில் மிதக்கும் ஒரு கலவை. அதில் நீர் ஏறக்குறைய இல்லை. சிறிது நீர் பட்டதும் சீனித் துகள்கள் நனைந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சீனி டப்பாவில் ஈரக் கரண்டியை விட்டால் கட்டி கட்டியாகிறதே, அதுவே இங்கும் நிகழ்கிறது. வியப்பு என்னவெனில், நீர் போதிய அளவு இருந்தால் இத்தொல்லை இல்லை. துகள்கள் முழுதும் நனைந்து விலக, கொழுப்பு அந்நீரில் சிறு சிறு துளிகளாகப் பரவி, கலவை பட்டுப்போல் வழவழப்பாகும். 200 கிராம் கறுப்புச் சாக்லேட்டுக்கு நீர்ப்பொருள் குறைந்தது மூன்று, நான்கு மேசைக் கரண்டியாவது வேண்டும். அதிகமாகிவிட்டாலோ உருண்டை பிடிக்க வராது. ஆகவே பழத்தின் நீரைக் குறைத்து, சுவையை மட்டும் திரட்டிக்கொள்வதே நம் வேலை. புட்டியில் வரும் மணச்சாறு இவ்வுழைப்பை மிச்சப்படுத்தும். ஆனால் மாம்பழம் தின்ற நாவை அது ஏமாற்றாது.

செகிஞ்சான் சாலையோரக் கடைகளில் கிடைக்கும் மாம்பழமோ, அன்னாசியோ, மார்கிசாவோ எதுவும் ஆகும். நன்கு பழுத்த சதை 120 கிராம் எடுத்து மசித்து, நாரும் விதையும் போக வடிகட்டி, அடிகனத்த சட்டியில் சிறு தீயில் கிளறுக. சட்டியின் நடுவே கரண்டியால் கோடிழுத்தால் அக்கோடு மூடாமல் நிற்க வேண்டும். அப்போது அது மூன்றில் ஒரு பங்காக, ஏறத்தாழ இரண்டு குவித்த மேசைக் கரண்டி அளவில் இருக்கும். அன்னாசியைப் பச்சையாகச் சேர்க்க வேண்டா. அதிலுள்ள ஒரு நொதிப்பொருள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசக்கச் செய்யும். கொதித்தால் அந்நொதி அழிந்துவிடும். டுரியானுக்கு இவ்வளவு காய்ச்சத் தேவையில்லை, அதன் சதையே கெட்டி. ஆனால் குளிர்பதனப் பெட்டியிலுள்ள அனைத்திற்கும் அதன் மணம் ஏறும் என்பதை வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

200 கிராம் சாக்லேட்டைச் சிறு துண்டுகளாகச் சீவி, துளி ஈரமும் இல்லாத கிண்ணத்தில் இடுக. ஐந்து மேசைக் கரண்டி முதற்பாலைப் பழக்கூழுடன் கலந்து, ஓரங்களில் குமிழி எழும்வரை சுடவைத்து, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துச் சாக்லேட் மீது ஊற்றுக. அடுப்பு வேலையைப் பெரியவர்களே செய்தல் நன்று. இரண்டு நிமிடம் தொடாது விடுக. பின் நடுவிலிருந்து தொடங்கி, சிறு வட்டமாக, மெல்லக் கலக்குக. முதலில் திரிந்ததுபோல் தோன்றும், அஞ்ச வேண்டா. தொடர்ந்து கலக்க மினுமினுப்பு வரும். எண்ணெய் பிரிந்து மேலே நின்றால், வெதுவெதுப்பான தேங்காய்ப் பால் ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால் சேர்ந்துவிடும். ஆறிய பின் மூடி, இரண்டு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும்.

உருட்டுவதில்தான் நம் ஊரின் வெப்பம் குறுக்கே நிற்கிறது. கொக்கோ வெண்ணெய் 34 பாகை அளவில் உருகும். நம் உடலின் வெப்பமோ 37 பாகை. நாவில் இட்டவுடன் சாக்லேட் கரைவதும், உள்ளங்கையில் வழிவதும் இதனாலேயே. ஆகவே கைகளைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, நன்கு துடைத்துவிட்டு, நெல்லிக்காய் அளவில் விரைந்து உருட்டுக. நண்பகலைவிட இரவு நேரம் உகந்தது. உருட்டியவுடன் கொக்கோத் தூளிலோ வறுத்த தேங்காய்த் துருவலிலோ புரட்டி எடுக்கலாம். ஏறத்தாழ இருபத்தைந்து உருண்டைகள் கிடைக்கும்.

இதில் மேற்கொண்டு சீனி சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் நாட்டில் 2019இல் நடந்த நலவாழ்வு ஆய்வில், நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிகுதி எனக் காணப்பட்டது. ஆதலின் ஆளுக்கு ஒன்றிரண்டு போதும். நீரிழிவு உள்ள பெரியவர்கள் அதையும் அளந்தே உண்க.

தேங்காய்ப் பால் சேர்ந்திருப்பதால் வெளியில் வைத்தால் விரைவில் கெடும். இறுக மூடிய பெட்டியில் குளிரில் வைத்து நான்கு நாள்களுக்குள் உண்டு முடித்தல் வேண்டும். பள்ளிப் பையில் எடுத்து வருதல் கூடாது. முதல் மணி அடிக்குமுன் புத்தகமெல்லாம் சாக்லேட் ஆகிவிடும்.